குட்டைக்கால் வேட்டை நாயும் நமது லயத்து வீடும்



சென்ற சில இதழ்களில் கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு என்று பார்த்தோம். இந்தத் தடவை நாயைப் பற்றிப் படிப்போம். "நாய் வளர்க்கிறதுக்கும் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம், எங்கள் வீட்டுக்கு ரொக்கி வரும் வரைக்கும்.

என்னுடைய தம்பி கொழும்பில் ஜிந்துப்பிட்டியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் முதலாளி வீடு. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அவர் ஒரு டேஷவுண்ட் குட்டியை விலைக்கு வாங்கினார். நீளமான உடம்பு, சாணளவு கால், தொங்கும் காது, பளபளவென்ற மண்ணிறம். பார்க்க அழகுதான். ஆனால் படியில் யார் கால் வைத்தாலும் அது குரைக்கும். பகலெல்லாம் தனியாக இருந்ததில் கதவுக் காலைப் பிறாண்டிப் பிறாண்டி மரத்தையே பெயர்த்துவிட்டது. ஜிந்துப்பிட்டியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அக்கம்பக்கத்தார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? மூன்று வயதானபோது, "தோட்டத்துக்குக் கொண்டுபோ தம்பி, அங்க ஓடி விளையாட இடம் இருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

தீபாவளி லீவுக்கு வந்த தம்பியின் கையில் ஒரு பிரம்புக் கூடை.

"அக்கா, இது சாதி நாய். கடையில வாங்கினா எவ்வளவு தெரியுமா? நமக்குச் சும்மா கெடைச்சிருக்கு."

சும்மா கிடைத்தது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். எந்த நாயும் சும்மா கிடைப்பதில்லை என்பதைப் பிறகுதான் படித்துக்கொண்டோம்.

வேட்டை நாய்கள் மூன்று வகை

மனிதன் தன் வேலைக்கு ஏற்றபடி நாய்களைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினான். வேட்டை நாய்களை அவை செய்யும் வேலையை வைத்து மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது வகை, கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். ஒல்லியான உடம்பும் நீண்ட காலும் உள்ளது. நம் முன்னோர் கப்பலேறி வந்த தென் தமிழ்நாட்டில் இந்த வகை உண்டு. சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயராலேயே சிப்பிப்பாறை நாய் அழைக்கப்படுகிறது. வெள்ளை நிற இராஜபாளையம் நாயின் படத்தை 2005 ஆம் ஆண்டு இந்தியத் தபால் திணைக்களம் முத்திரையாக வெளியிட்டது.

இரண்டாவது வகை, மோப்பத்தால் தேடும் நாய். மூக்கைத் தரையில் வைத்தால் தலையை நிமிர்த்தாமல் மைல் கணக்கில் போகும். பீகிள், பொக்ஸ்ஹவுண்ட் போன்றவை இந்த வகை.

மூன்றாவது வகை, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணியை, வளைக்குள்ளேயே புகுந்து எதிர்க்கும் நாய். எங்கள் ரொக்கி இந்த வகை. மோப்பம் பிடிப்பதிலும் இது கெட்டிக்கார நாய்.

டேஷவுண்ட் ஜேர்மனி நாட்டு நாய். அந்நாட்டு மொழியில் 'டக்ஸ்' என்றால் பாட்ஜர் என்ற பிராணி, 'ஹுண்ட்' என்றால் நாய். பாட்ஜர் பலமான நகமும் பல்லும் உள்ளது, மண்ணுக்குள் வளை வெட்டி வாழ்வது. இருட்டு வளைக்குள் தனியாகப் போய் அதோடு சண்டை போடுவதற்காகவே இந்த நாய்க்குக் குட்டைக் காலும், ஒடுங்கிய நீள உடம்பும், தோண்டுவதற்கு அகன்ற முன்பாதமும் வந்தன. மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்கு மண்ணுக்கடியிலிருந்து கேட்கவேண்டும் என்பதால் குரலும் உடம்புக்கு மிஞ்சிய குரல். 1888 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் இந்த நாய்க்கென்று ஒரு சங்கம் உண்டானது. 1972 மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குச் சின்னமாக இருந்த 'வால்டி'யும் ஒரு டேஷவுண்ட்தான்.

நமது மலைநாட்டில் வேட்டை நாய்கள்

வேட்டை நாய் நமது மலைகளுக்குப் புதிதல்ல. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு கூட்டம் வேட்டை நாய்களை வைத்திருந்தார். நுவரெலியாவைச் சுற்றிய காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் அவற்றைக் கொண்டு மரைகளைத் துரத்தினார். அந்த வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். மரையின் கொம்பிலும் காட்டுப்பன்றியின் பல்லிலும் பட்டு அவருடைய நாய்கள் பல செத்தன என்பது அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில் அமைந்தது. அவருக்குப் பிறகு வந்த தோட்டத்துரைமார் பலரும் வேட்டை நாய் வளர்த்தார்கள். பங்களா நாய்க்கு இறைச்சி வாங்க ஆள் போன கதையை நமது தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. 1937 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988 இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. மரையையோ கேளையாட்டையோ நாய் விட்டுப் பிடிப்பது குற்றம். வேட்டை நின்றாலும் நாயின் இரத்தத்தில் ஊறிய குணம் நிற்கவில்லை. அதை விளங்கிக்கொள்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

குணங்களைப் புரிந்துகொள்வோம்

1. தோண்டும் குணம். வந்த இரண்டாம் நாளே ரொக்கி என் கரட் பாத்தியைக் கிளறிவிட்டது. அடித்தும் பார்த்தோம், நிற்கவில்லை. பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் மண்ணைக் கொத்திவிட்டு, அதற்குள் ஒரு பழைய சிரட்டையைப் புதைத்து வைத்தோம். அதன் பிறகு அந்த மூலைதான் அதற்குத் தோட்டம். கரட் தப்பியது. குணத்தை அடித்து நிறுத்த முடியாது, வேறு பக்கம் திருப்பிவிடலாம்.

2. பிடிவாதம். வளைக்குள் இருக்கும் நாய்க்கு எசமானின் கட்டளை கேட்காது. அங்கே அது தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் இந்த இனம் "வா" என்றால் உடனே வராது. இது முட்டாள்தனம் அல்ல. ஒரு சிறு ரொட்டித் துண்டோடு, பொறுமையாக, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பழக்கினால் படித்துக்கொள்ளும். அதட்டினால் இன்னும் முரண்டு பிடிக்கும்.

3. பயமின்மை. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாயையும் எதிர்த்து நிற்கும். முள்ளம்பன்றி வளையைக் கண்டால் தலையைக் கொடுக்கும். இந்த வீரம் காட்டோரத் தோட்டத்தில் அதன் உயிருக்கே ஆபத்து.

4. குரைத்தல். காவலுக்கு நல்லது. ஆனால் பத்துக் காம்பிரா ஒரே கூரையின் கீழ் இருக்கும் லயத்தில், இராத்திரி வேலை முடிந்து வந்து தூங்குபவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். நாயைத் தனியாக, வேலையில்லாமல் விட்டால் குரைப்பு கூடும். பெரட்டுக்குப் போகுமுன் கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனால் குறையும்.

5. ஒருவரிடம் ஒட்டுதல். வீட்டில் ஒருவரைத் தெரிந்தெடுத்து அவர் பின்னாலேயே சுற்றும். எங்கள் வீட்டில் அது அம்மாயியைத் தெரிந்தெடுத்தது. அம்மாயி தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய சேலைத் தலைப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வேறு யாராவது அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தால் உறுமும். அன்பு மிகுந்த நாய், ஆனால் பொறாமையும் உண்டு. சாப்பிடும்போதோ தூங்கும்போதோ சின்னப் பிள்ளைகள் அதைத் தொட விடக் கூடாது.

முதுகுதான் முக்கியம்

இனி நடந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு இறங்க உயரமான மூன்று படிகள். ரொக்கி அதில் படிப்படியாக இறங்காது, ஒரேயடியாகத் துள்ளும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்து, வாங்கில் ஏற்றி விட்டு "குதி, குதி" என்பார்கள். நாங்களும் தடுக்கவில்லை. வீட்டில் மிஞ்சிய சோறெல்லாம் அதற்குத்தான், உடம்பும் ஊதிப் போயிருந்தது.

ஒரு நாள் விடியற்காலை அது எழும்பவில்லை. முன்னங்காலால் உடம்பை இழுக்கிறது, பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி கிடக்கிறது. தொட்டால் அழுகிறது.

அம்மாயி நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்தார். "சுளுக்குத்தான். உருவி விட்டா சரியாயிடும்." நான் பனடோல் ஒன்றைப் பாதியாக உடைத்து வைத்திருந்தேன். அப்போது பக்கத்துக் காம்பிராவில், விவசாயம் படிக்கும் பிள்ளை ஓடி வந்து தடுத்தாள். "ஐயோ அக்கா, உருவாதீங்க. மருந்தும் குடுக்காதீங்க. பலகையில படுக்க வச்சு டவுனுக்குக் கொண்டு போவோம்."

அன்று என் ஒரு நாள் பேர் போயிற்று. முச்சக்கர வண்டிக் கூலி வேறு. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டதால்தான் ரொக்கி இன்று நடக்கிறது.

மிருக வைத்தியர் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையில் மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. டேஷவுண்ட் இனத்தில் இந்த வட்டுகள் சின்ன வயதிலேயே காய்ந்து இறுகத் தொடங்கிவிடும். இறுகிய வட்டு ஒரு நாள் பிதுங்கி நரம்பை நசுக்கினால் கால் விழுந்துவிடும். குட்டைக் கால் நாய் இனங்களுக்கு ஒரே மரபணு மாற்றம் காரணம் என்று 2009 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். அதே மரபணுவின் இன்னொரு பிரதி இந்த வட்டு நோயோடு சேர்ந்து வருவது 2017 இல் தெரிந்தது. அழகென்று நாம் பார்க்கும் அந்த உருவத்தோடு இந்த நோயும் சேர்ந்தே வருகிறது. இந்த இனத்தில் ஏறக்குறைய நாலு அல்லது ஐந்து நாய்க்கு ஒன்று, வாழ்நாளில் இந்த நோயைக் காணும்.

வைத்தியர் பின்னங்கால் விரலைக் கிள்ளிப் பார்த்தார். ரொக்கி திரும்பிப் பார்த்து முனகியது. "வலி தெரியுது. நம்பிக்கை இருக்கு" என்றார். வலியே தெரியாமல் போயிருந்தால் மணிக்கணக்கில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமாம், அதற்குப் பிறகும் உறுதி இல்லையாம். ரொக்கிக்கு மருந்தோடு ஆறு வாரம் பெட்டிக்குள் ஓய்வு. மலசலத்துக்கு மட்டும் தூக்கிக் கொண்டுபோய் விட்டுத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். அம்மாயி ஆறு வாரமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏழாவது வாரம் ரொக்கி நாலு காலில் நின்றது. நடையில் இன்னும் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கிறது.

இதிலிருந்து நாம் படித்துக்கொள்ள வேண்டியவை:

– படி இருக்கும் இடத்தில் பலகையைச் சாய்த்து வைத்து, மேலே பழைய சாக்கை ஆணியடித்து விடுங்கள். வழுக்காது.
– கட்டிலிலும் வாங்கிலும் ஏறிக் குதிக்க விடாதீர்கள்.
– தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது.
– கழுத்துப் பட்டியில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். நெஞ்சைச் சுற்றிய வார் நல்லது.
– உடம்பு பெருக்க விடாதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும்.
– நடை தள்ளாடினாலோ முதுகு வளைந்தாலோ உருவாமல், மனித மருந்து கொடுக்காமல், அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பனடோல் போன்ற மனித வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

தினசரிப் பராமரிப்பு

உணவு: வளர்ந்த நாய்க்கு நாளைக்கு இரண்டு வேளை போதும். சோறு, அவித்த மரக்கறி, முட்டை, முள் நீக்கிய மீன் கொடுக்கலாம். கருவாடு உப்பு, கூடாது. வெங்காயம், உள்ளி, சொக்கலேட், முந்திரிகைப் பழம், அதன் வற்றல் எல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

ஈரம்: இந்த நாயின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கிறது. பனியும் மழையும் பெய்யும் நமது மலையில் எப்போதும் வயிறு நனைந்திருக்கும். வீட்டுக்குள் வந்ததும் வயிற்றையும் கால் இடுக்கையும் துணியால் துடையுங்கள். படுக்கை சாக்கு நிலத்தில் இல்லாமல் பலகை மேல் இருக்கட்டும். தேயிலைக்கு மருந்தடித்த மலைக்குள் விடவே கூடாது.

அட்டையும் உண்ணியும்: மூக்கைப் புல்லுக்குள் விட்டு மோப்பம் பிடிக்கும் நாய்க்கு மூக்குக்குள் அட்டை புகுவதுண்டு. ஒரு மூக்கிலிருந்து மட்டும் இரத்தம் வந்து அடிக்கடி தும்மினால், குச்சி விட்டுக் கிண்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொங்கும் காதுக்குள் காற்றுப் படாது. வாரம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். நாற்றமோ சீழோ இருந்தால் மருந்து தேவை.

தடுப்பூசி: விசர்நாய் நோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அரசாங்கச் சுகாதாரப் பகுதி இதை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பக் கூடாது. இதைத் தவிர பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கும் ஊசி உண்டு. பூச்சி மருந்தும் காலத்துக்குக் காலம் கொடுக்க வேண்டும். நாயின் வயிற்றுப் புழு பிள்ளைகளுக்கும் தொற்றும்.

சிறுத்தையும் சுருக்கும்: நமது தோட்டங்களை ஒட்டிய காடுகளில் சிறுத்தை இருக்கிறது. நாய் அதற்கு இலகுவான இரை. பொழுது பட்டதும் நாயை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். காட்டுப்பன்றிக்கென்று சிலர் கட்டும் கம்பிச் சுருக்கிலும் நாய் மாட்டிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஓர் அபூர்வக் கருஞ்சிறுத்தையும் இப்படித்தான் சுருக்கில் சிக்கி, சில நாட்களில் இறந்தது. சுருக்கைக் கண்டால் வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவிப்பது நமது கடமை.

கொண்டு வருமுன் நாலு கேள்வி

கொழும்பில் வேலை செய்யும் நமது பிள்ளைகள் லீவுக்கு வரும்போது சாதி நாய்க் குட்டி கொண்டு வருவது கூடியிருக்கிறது. வாங்குமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த நாலையும் பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்று: நாமெல்லாம் வேலைக்குப் போனபின் பகலில் அதோடு யார் இருப்பார்கள்?
இரண்டு: டேஷவுண்ட் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். அத்தனை காலமும் ஊசி, மருந்து, சாப்பாட்டுச் செலவைத் தாங்குவோமா?
மூன்று: படி, கான், காடு இந்த மூன்றிலிருந்தும் அதைக் காக்க நம்மால் முடியுமா?
நாலு: பக்கத்துக் காம்பிரா ஆட்களின் சம்மதம் உண்டா?

ஒரு கேள்விக்காவது "இல்லை" என்று பதில் வந்தால், நமது நாட்டு நாய்க் குட்டி ஒன்றை எடுத்து, ஊசியும் கருத்தடையும் செய்து வளர்ப்பது நல்லது. அதன் கால் நமது படிக்கு ஏற்ற கால். விலை கூடிய நாய் என்பதால் அன்பு கூடுவதில்லை.

ஜிந்துப்பிட்டி முதலாளி கெட்டவர் அல்ல. பிள்ளைகளின் ஆசைக்கு வாங்கினார், நாய் என்ன வேலைக்குப் பிறந்தது என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காததற்கு ரொக்கி ஆறு வாரம் பெட்டிக்குள் கிடந்தது. இப்போது எங்கள் இஸ்தோப்பில் சாக்கு அடித்த பலகை ஒன்று சாய்ந்திருக்கிறது. காலையில் அம்மாயி முன்னே இறங்க, ரொக்கி அந்தப் பலகையில் பின்னே இறங்கி, தன் மூலைக்குப் போய்ச் சிரட்டையைத் தோண்டுகிறது.

கலந்துரையாடுவோம்

மாதர் சங்கக் கூட்டத்திலும் சிறுவர் கழகத்திலும் இந்தப் பாடத்தை வாசித்தபின் கீழுள்ளவற்றைப் பேசுங்கள்.

1. டேஷவுண்ட் நாயின் கால் ஏன் குட்டையாக இருக்கிறது?
2. தோண்டும் நாயை அடிக்காமல் எப்படித் திருப்பலாம்?
3. நாயின் பின்னங்கால் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது எது, செய்யக் கூடாதது எது?
4. நமது லயத்தில் விசர் தடுப்பூசி போடாத நாய்கள் எத்தனை? ஊசி போட யார் பொறுப்பெடுப்பது?

நாலாவது கேள்விக்கான பதிலை ஒரு தாளில் எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் அவரிடம் கொடுங்கள்.